காமர்ஸ் படிப்பவர்கள் டைட்ரேஷனுக்குப் பயப்பட வேண்டாம்

ரிசல்ட் வந்துவிட்டது. கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் நடத்தும் தண்ணீர்ப் பரிசோதனை என்.எம்.இ.-யில் (வேறு துறை மாணவர்கள் எடுக்கும் விருப்பப் பாடம்) நல்ல மார்க். அடுத்த செமஸ்டரில் இதை எடுக்கத் தயங்கும் பி.காம்., பி.ஏ. ஜூனியர்களுக்காக எழுதுகிறேன். தியரியைப் படித்தால் வந்துவிடும். மார்க் போவது பிராக்டிகலில், அதிலும் எண்ட் பாயிண்டில், அதாவது நிறம் மாறி வினை முடியும் இடத்தில்.

தண்ணீரின் கடினத்தன்மையை (அதில் கரைந்த கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவை) கண்டுபிடிக்க, நிறம் காட்டும் இண்டிகேட்டர் கலந்த தண்ணீரில் ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவதுதான் இந்த டைட்ரேஷன். அதில் ஒயின் சிவப்பு நீலமாக மாறும் என்று ரெக்கார்டில் ஒரே வரிதான் இருக்கும். கண்ணெதிரே சிவப்பு முதலில் ஊதாவாகும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். முடிவுக்குக் கிட்டே வரும்போது வினை மெதுவாகத்தான் நடக்கும். அதனால் ஊதா தெரிந்ததும் ஒரு சொட்டு விட்டு, நன்றாகச் சுழற்றி, சில வினாடி பொறுத்து, அப்புறம் அடுத்த சொட்டு விடுங்கள். சிவப்புச் சாயல் அடியோடு மறையும் சொட்டுதான் கணக்கு. எங்கள் மேடம் ஒரு வழி சொன்னார்: முதல் டைட்ரேஷன் முடிந்த நீலக் குடுவையைக் கொட்டாமல் வெள்ளை டைல்மேல் வைத்துக்கொண்டு, அடுத்ததை அதோடு ஒப்பிட வேண்டும். வேறெதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மற்றவை:
- பியூரெட்டை (சொட்டு விடும் அளவுக் குழாய்) ஈ.டி.டி.ஏ.வாலும் பிப்பெட்டை (சாம்பிளை அளந்து எடுக்கும் குழாய்) சாம்பிளாலும் அலசுங்கள். கோனிக்கல் ஃபிளாஸ்க்குக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.
- பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி கூடாது.
- இண்டிகேட்டர் இரண்டு மூன்று சொட்டு போதும். கூடினால் நிறம் அடர்ந்து, மாற்றம் தெளிவாகத் தெரியாது.

கணக்கு நமக்குக் கைவந்த விஷயம். 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. 1 மி.லி.க்கு 1 மி.கி. கால்சியம் கார்பனேட். சாம்பிள் 20 மி.லி. என்றால், பியூரெட் அளவை 50-ஆல் பெருக்கினால் கடினத்தன்மை பி.பி.எம்.-இல் (லிட்டருக்கு எத்தனை மி.கி.) வந்துவிடும்.

வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவாருங்கள் என்று மேடம் சொன்ன பிறகுதான் இந்தப் பாடம் எனக்கு நிஜமாகவே பிடித்தது. எங்கள் போர் தண்ணீருக்கு 12.4 மி.லி. இறங்கியது, அதாவது 620 பி.பி.எம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-படி 200-க்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. தோழி கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரோ இண்டிகேட்டர் விட்டதுமே நீலமாகிவிட்டது. வெந்நீர்ப் பாத்திரத்தில் அம்மா சுரண்டிச் சுரண்டி எடுக்கும் வெள்ளைப் படிவு எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குப் புரிந்தது. சயின்ஸ் படிக்காதவர்களுக்கு இப்படித்தான் சொல்லித்தர வேண்டும். நம்பர் ஒட்டிய பாட்டிலை நீட்டி அளவு கண்டுபிடி என்றால் மனதில் ஒட்டாது.

வைவாவுக்கு இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் போங்கள்: கொதிக்கவைத்தால் எந்தக் கடினத்தன்மை போகும், அம்மோனியா பஃபர் எதற்கு. முதல் கேள்விக்கு அந்த வெள்ளைப் படிவையே உதாரணமாகச் சொன்னேன். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.