லிப்டனின் குடும்பத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு

இலங்கையின் ஊவா மலைச்சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை தயாரிப்பை மேற்பார்க்கும் உதவி டீமேக்கராக நான் இருந்த காலத்தில், கொழுந்து வாட்டுவதையும் ரோலர் ஓட்டுவதையும் தவிர இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. ஹப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட் என்ற மலை உச்சிக்குப் போய்த் திரும்பும் வெளிநாட்டுப் பயணிகள் வழியில் எங்கள் ஸ்டோரையும், அதாவது தொழிற்சாலையையும், பார்க்க விரும்புவார்கள். ஆங்கிலம் ஓரளவு வரும் என்பதால் அவர்களைச் சுற்றிக் காட்டும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகியான பெரிய துரை என்னிடம் ஒப்படைத்திருந்தார். வாட்டும் மாடியில் தொடங்கி, ரோலர், புளிக்க வைக்கும் மேசை, அடுப்பு, சலிக்கும் அறை என்று இறங்கி வந்து, கடைசியில் கோப்பைகளை வரிசையாக வைத்து ருசி பார்க்கச் சொல்வது வழக்கம். அந்தக் கடைசி இடத்தில்தான் கேள்விகள் வரும். பெரும்பாலானவை தேயிலையைப் பற்றியவையாக இருக்கமாட்டா. மலை உச்சியில் கையில் கோப்பையோடு சிலையாக உட்கார்ந்திருக்கும் தேயிலை வியாபாரி தாமஸ் லிப்டனைப் பற்றியவையாக இருக்கும். இங்கேயே வாழ்ந்தாரா, மனைவி யார், பிள்ளைகள் எங்கே என்று கேட்பார்கள்.

முதலில் எனக்குக் கொடுக்கப்பட்ட பதில் ஒரு பலகையில் எழுதியிருந்தது: தொழிலதிபர், கொடையாளர், பாய்மரப் படகு வீரர், மணமாகாதவர். இந்த நான்கு சொற்களை வைத்துக்கொண்டு அதிக நேரம் பேச முடியாது என்பதால், கிடைத்ததையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, தாமஸ் லிப்டனின் குடும்பக் கதையை விட்டுவிட்டு அவருடைய படகுக் கதையையோ தேயிலைக் கதையையோ சொல்லவே முடியாது என்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் பிறந்தது 1848ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கோர்பல்ஸ் என்ற நெரிசலான தொழிலாளர் பகுதியில். தாம் பிறந்த ஆண்டு 1850 என்றுதான் அவர் சொல்லி வந்தார். பெற்றோர் அயர்லாந்தின் ஃபெர்மனா பகுதியிலிருந்து உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில் பிழைப்புத் தேடி வந்தவர்கள். உடன்பிறந்தவர்கள் எல்லாரும் சிறு வயதிலேயே இறந்துவிட, எஞ்சியது இவர் ஒருவர்தான். பெற்றோர் வெண்ணெய், முட்டை, பன்றியிறைச்சி விற்கும் ஒரு சிறிய கடை நடத்தினார்கள். முட்டையை அம்மாவே எடுத்துக் கொடுக்க வேண்டும், அப்பாவின் பெரிய கையில் அது சிறிதாகத் தெரிகிறது என்று சிறுவன் லிப்டன் யோசனை சொன்னதாக ஒரு கதை உண்டு. பின்னாளில் புனைந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மனிதரின் புத்தி போகும் திசையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் கதை வேறில்லை.

கிளாஸ்கோவுக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பலில் எடுபிடிப் பையனாக வேலை பார்த்தவர், பதின்பருவத்திலேயே அமெரிக்காவுக்குப் போனார். வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலைனாவில் நெல் தோட்டத்திலும் வேலை செய்து, கடைசியில் நியூயார்க்கில் ஒரு மளிகைக் கடையில் உதவியாளராக இருந்து, ஊருக்குத் திரும்பினார். 1871இல் ஸ்டாப்கிராஸ் வீதியில் தம் முதல் கடையைத் திறந்தார். கொழுத்த பன்றிகளின் மேல் 'லிப்டனின் அநாதைகள்' என்று எழுதி வீதியில் ஓட்டிச் சென்றது, 1881 கிறிஸ்துமஸ் சமயத்தில் இராட்சதப் பாலாடைக்கட்டி ஒன்றை வரவழைத்து அதற்குள் தங்க நாணயங்களைப் புதைத்து வெட்டி விற்றது எல்லாம் இந்தக் காலத்து வேலைகள். அந்தப் பாலாடைக்கட்டிக் கதையைச் சொன்னால் சிரிக்காத பயணியை நான் பார்த்ததில்லை. 1880களின் முடிவில் அவருக்கு பிரிட்டன் முழுவதும் ஏறத்தாழ 300 கடைகள் இருந்தன.

அம்மா ஃப்ரான்செஸ் 1889இல் இறந்தார். அடுத்த ஆண்டு அப்பாவும் போனார். அதே 1890இல்தான் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். துயரத்தால் கப்பல் ஏறினார் என்று சொன்னால் கேட்பவர் மனம் இளகும். நானும் சில காலம் அப்படிச் சொல்லலாமா என்று எண்ணியதுண்டு. தொழில் தெரிந்தவன் கண்ணுக்கு வேறு காரணம் தெரிகிறது. கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்து, துரைமார் நொடித்துப்போய், நிலம் மலிவாகக் கிடைத்த நேரம் அது. தம்பேத்தன்னை, லேமஸ்தோட்டை, மொனராகந்தை, பூப்பிரஸ்ஸி எனத் தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர்களை ஒதுக்கி, இறாத்தல் 1 ஷில்லிங் 7 பென்ஸ் என்ற விலையில், எடை குறித்த பொட்டலங்களில் தேயிலையை விற்றார். ஏழை வீட்டு அம்மாமார் வாங்கக்கூடிய விலை அது. 'தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் கேத்தலுக்கு' என்பது விளம்பர வாசகம். தோட்டத்துக்கும் கேத்தலுக்கும் இடையில் நிற்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த 'நேராக' என்ற சொல்லைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். கொழுந்து பதினான்கு மணி நேரமாவது மாடியில் வாட வேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும்போது ஒரு மணி நேரம் தவறினாலும் ஊவாத் தேநீருக்கே உரிய அந்தக் காரமான மணம் போய்விடும். அதற்கு முன்னால் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து, ஆள் திரட்டும் கங்காணிமார் கூட்டி வந்த குடும்பங்கள் காட்டை வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்தாக வேண்டும். ஹப்புத்தளைக்கு ரயில் வந்ததே 1893இல்தான்.

இனிப் படகு. பணக்காரர்களின் விளையாட்டாகிய பாய்மரப் படகோட்டத்தில் லிப்டன் இறங்கியபோது அவருக்கு வயது ஐம்பது. 1851இல் தொடங்கிய அமெரிக்கக் கோப்பை என்ற போட்டியில் பிரிட்டன் அதுவரை ஒருமுறையும் வென்றதில்லை. போட்டிக்குச் சவால் விட ஒரு படகுச் சங்கத்தின் பெயர் வேண்டும். பிரிட்டனின் முதன்மைச் சங்கமான ராயல் யாட் ஸ்குவாட்ரன் மளிகைக்கடைக்காரரைச் சேர்த்துக்கொள்ளாது என்பதால், பெற்றோர் பிறந்த உல்ஸ்டர் மண்ணின் ராயல் உல்ஸ்டர் யாட் கிளப்பின் பெயரில் சவால் விட்டார். படகுக்கு அயர்லாந்தின் மூவிலைச் செடியான ஷாம்ராக்கின் பெயரை வைத்துப் பச்சை நிறம் பூசினார். 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை ஐந்து ஷாம்ராக்குகளோடு போனார். ஐந்து முறையும் தோற்றார்.

அந்தத் தோல்விகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். இரண்டாவது ஷாம்ராக் 1901இல் வெள்ளோட்டத்தின்போதே பாய்மரம் முறிந்து சரிந்தது; அப்போது மன்னர் ஏழாம் எட்வர்ட் அதில் இருந்தார், காயமின்றித் தப்பினார். 1903இல் எதிரே நின்றது ரிலையன்ஸ்: 16,000 சதுர அடிக்கு மேற்பட்ட பாய், அறுபதுக்கும் மேற்பட்ட மாலுமிகள், அந்த ஒரு பருவத்துக்காகவே கட்டப்பட்ட அசுரப் படகு. கடைசிப் பந்தயத்தில் மூன்றாவது ஷாம்ராக் மூடுபனியில் வழி தவறியது. நான்காவது, 1914இல் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்தபோது உலகப்போர் மூண்டது. அது ஆறு ஆண்டுகள் கரையிலே காத்திருந்தது. 1920இல் முதல் இரண்டு பந்தயங்களையும் வென்று, இன்னும் ஒன்றே ஒன்று போதும் என்ற நிலையில், அடுத்த மூன்றையும் ரெசல்யூட் என்ற அமெரிக்கப் படகிடம் பறிகொடுத்தது. இந்த இடத்தில் பயணிகளில் யாராவது ஒருவர் "அடடா" என்பது போல நாக்கைத் தட்டுவார்.

லிப்டன் படகைத் தம் கையால் ஓட்டியவர் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். எரின் என்ற தமது நீராவி உல்லாசக் கப்பலில் விருந்தினர்களோடு நின்று பார்ப்பார். தோற்றதும் வென்றவரை வாயாரப் பாராட்டுவார். அமெரிக்கர்களுக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம். கூடவே லிப்டன் தேயிலையின் மஞ்சள் பொட்டலமும் அமெரிக்கச் சந்தையில் பரவியது. தோல்விகளைத் திட்டமிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். தோற்றும் நஷ்டம் வராதபடி அமைந்த விளையாட்டு அது என்பதை அவர் விரைவில் கண்டுகொண்டார் என்பது மட்டும் என் கணிப்பு. 1930இல் ஹரால்ட் வாண்டர்பில்ட்டின் என்டர்பிரைஸ் ஐந்தாவது ஷாம்ராக்கை நான்குக்குப் பூச்சியம் என்று வீழ்த்தியபோது, நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ் முன்னின்று மக்களிடம் நிதி திரட்டி, நல்ல தோல்வியாளருக்கென்று ஒரு தங்கக் கோப்பையையே செய்து கொடுத்தார்கள். எரின் கப்பலுக்கு அந்தப் பேறு இல்லை. போரின் தொடக்கத்தில் செர்பியாவுக்கான மருத்துவப் பணிக்காகப் போன அது, பிறகு கடற்படையிடம் சென்று, 1916இல் மால்ட்டா அருகே கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது, மாலுமிகளும் மாண்டார்கள்.

சலிக்கும் அறையில் ஒரு மூத்த பெண் இருந்தார். காம்பு பொறுக்குவதில் அவர் கைக்கு ஈடு கிடையாது; பேசிக்கொண்டே பொறுக்குவார், முறத்தில் ஒரு சிவப்புக் காம்பு தங்காது. நான் பயணிகளோடு நின்று ஆங்கிலத்தில் பேசுவதை நெடுநாள் கேட்டிருந்தவர், ஒருநாள் அவர்கள் போனபின் என்னைக் கூப்பிட்டு, "ஐயா, எப்பப் பாத்தாலும் லிப்டன் லிப்டன்னு சொல்றீங்களே, அந்த மனுசனுக்குப் பிள்ளகுட்டி இல்லியாமே, அப்ப இம்புட்டுச் சொத்தும் யாருக்குப் போச்சு?" என்று கேட்டார். பயணிகள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பிள்ளை இல்லை என்றதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அவருக்குச் சொன்ன பதிலை இங்கும் சொல்கிறேன். லிப்டன் 1931 அக்டோபர் 2ஆம் திகதி லண்டனுக்கு வடக்கே சவுத்கேட்டில் உள்ள ஒசிட்ஜ் என்ற தம் வீட்டில் இறந்தார். உடலைக் கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் கிடக்கும் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள். செல்வத்தின் பெரும்பகுதி கிளாஸ்கோ நகரத்துக்கும், தாயின் நினைவாக அங்குள்ள ஏழைத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் போனது. வீடு தாதியர் இல்லத்துக்கு. படகுப் போட்டிக் கோப்பைகள் கெல்விங்குரோவ் அருங்காட்சியகத்துக்கு. அந்த அம்மா கேட்டுக்கொண்டே முறத்தைத் தட்டி, "அப்ப அவுங்க ஆத்தா பேரு வெளங்கிருச்சு" என்றார். பிறகு, "நம்மளுக்கு?" என்றும் கேட்டார். உயிலில் இந்த மலைக்கு ஏதும் எழுதியதாக நான் எங்கும் வாசித்ததில்லை என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

அதே 1931இல் இரண்டு காரியங்கள் நடந்தன. வாழ்நாளெல்லாம் வாசலில் நிறுத்தியிருந்த ராயல் யாட் ஸ்குவாட்ரன், அவர் சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவரை உறுப்பினராக்கியது. மளிகைக்காரரோடு படகில் போகிறார் என்று எட்வர்டைப் பார்த்து ஜெர்மன் மன்னர் கேலி செய்ததாகச் சொல்வார்களே, அந்தக் கேலி ஓயச் சங்கத்துக்கு அத்தனை காலம் பிடித்தது. வேண்டாம் என்று மறுத்திருக்கலாம் என்பது என் கருத்து. மறுத்திருந்தால் அவர் லிப்டன் அல்லர். இங்கே, சர்வசன வாக்குரிமையின்படி நடந்த முதல் தேர்தலில், தோட்டத் தமிழரில் தகுதி பெற்ற ஒரு பகுதியினர் முதன்முறையாக வாக்களித்தார்கள். 1948க்குப் பிறகு குடியுரிமையோடு அதுவும் பறிபோனது.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய ஆண்டு, பழைய பலகை உக்கிப்போனதால் புதிதாக எழுதித் தரும்படி பெரிய துரை கேட்டார். பெற்றோரின் கடை, இறந்த குழந்தைகள், ஐந்து ஷாம்ராக்குகள், உயில், கங்காணிமார், 1931 என்று எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பலகையில் அவ்வளவு இடமில்லை என்று சொல்லி, கங்காணிமாரையும் உயிலையும் எடுத்துவிட்டு, தாய் தந்தையரின் பெயர்களையும் படகுகளையும் வைத்துக்கொண்டார். பாலாடைக்கட்டியில் மட்டும் கை வைக்கவில்லை. வருபவர்களுக்குப் பிடிப்பது அதுதான் என்றார். அதில் அவர் சொன்னது சரிதான்.