ஏழாவது வருஷம்

தம்பி பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு ஏழு வருஷம் ஆகிறது. "ஆறு மாசத்துல வர்றதுதான் வரும், அப்புறம் எதிர்பார்க்காதீங்க" என்றார்கள் டாக்டர்கள் அன்றைக்கு. நேற்று காலை அவனே டவராவில் காபி ஆற்றினான். இடது கை நடுங்கி, கொஞ்சம் தரையில் சிந்தியது. அம்மா துடைக்கக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே நின்றாள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அமெரிக்காவில் 1987-ல் தொடங்கிய 'டிபிஐ மாடல் சிஸ்டம்ஸ்' ஆய்வைப் பற்றிப் படித்தேன். டிபிஐ என்றால் அடிபட்டதால் மூளைக்கு வரும் பாதிப்பு. தலையில் பலத்த அடிபட்டு மறுவாழ்வு சிகிச்சைக்கு வந்தவர்களை 1, 2, 5-ம் வருஷங்களில், பிறகு ஐந்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை விசாரிக்கிறார்கள். வேலைக்குப் போகிறாரா, வெளியே தனியாகப் போய்வருகிறாரா, மனசு எப்படி இருக்கிறது, இந்த மாதிரி. ஐந்தாம் வருஷக் கணக்கில் 26 சதவீதம் பேர் தேறியிருக்கிறார்கள். 22 சதவீதம் பேர் அப்படியே இருக்கிறார்கள், இன்னொரு 22 சதவீதம் பேர் உயிரோடு இல்லை. மீதி 30 சதவீதம் பேர் முன்பைவிட மோசம். அந்த 30-லேயே கண் நின்றுவிட்டது. ஆறு மாசத்தோடு முடிகிற கதையா இது?

டிஸ்சார்ஜ் ஆனபின் எங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. நாங்களும் போன தீபாவளியோடு பிசியோவை நிறுத்திவிட்டோம். திங்கட்கிழமை மறுபடி கூட்டிப்போகிறேன். வரமாட்டேன் என்கிறான். பிரியாணி வாங்கித் தருவதாகப் பேச்சுவார்த்தை நடக்கிறது.