ஒரு நாளைக்கு 50 சென்டிமீட்டர்

பினாங்கில் சர்வே வேலை பார்ப்பவனுக்கு எரிமலையோடு என்ன சம்பந்தம் என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். தொழில் சம்பந்தம்தான். மலையை வெட்டி அடுக்குமாடி கட்டும் இடங்களில், சரிவிலும் தடுப்புச் சுவரிலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னச் சின்ன பிரிஸம்களைப் பொருத்திவிட்டு, எதிரே அசையாத ஓரிடத்தில் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை நிறுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளப்பது என் பிழைப்பு. ஜாவாவில் மெராப்பி எரிமலையின் உடம்பிலும் இதே மாதிரி பிரிஸம்கள் இருக்கின்றன. உள்ளிருந்து ஏறிவரும் பாறைக்குழம்பு மலையை எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்று அங்கே அளக்கிறார்கள். இது தெரிந்ததிலிருந்து, ஜோக்ஜாகர்த்தாவில் உள்ள பி.பி.பி.டி.கே.ஜி. என்ற ஆய்வு நிலையம் வாராவாரம் வெளியிடும் அறிக்கையை விடாமல் படிக்கிறேன். இந்தோனேசிய மொழிதான். நமக்குத் தெரிந்த எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு மலாயை வைத்தே ஒப்பேற்றிவிடலாம்.

அறிக்கை படுவறட்சியாக இருக்கும். இந்த வாரம் எத்தனை பாறைச்சரிவு, எந்த ஆற்றின் பக்கம், எவ்வளவு தூரம் உருண்டது. நில அதிர்வு எத்தனை, எந்த வகை. தென்மேற்குக் குவிமாடம் இத்தனை கன மீட்டர், நடுக் குவிமாடம் இத்தனை. பாபாடான் கண்காணிப்பு நிலையத்திலிருந்து அளந்த தூரம் நாளுக்கு இவ்வளவு சுருங்கியது. கடைசியில் மழை அளவு. 2021 தொடக்கத்திலிருந்து மெராப்பியில் இரண்டு லாவாக் குவிமாடங்கள். ஒன்று தென்மேற்கு விளிம்புக்குக் கீழே சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று உச்சிப் பள்ளத்தின் நடுவில்.

ஹவாய் வீடியோக்களில் பார்ப்பது போல இங்கே லாவா ஓடாது. கெட்டியான குழம்பு வாயை விட்டு வெளியே வந்ததும் நகர முடியாமல் அங்கேயே குவிகிறது, அந்தக் குவியல்தான் குவிமாடம். மேல்தோல் இறுகிப் பாறையாகிறது, அடியிலிருந்து புதுக்குழம்பு தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஓரங்கள் செங்குத்தாகி இடிந்து விழும்போது, உள்ளே அடைபட்ட சூடான வாயுவும் சாம்பலும் பாறையும் சேர்ந்து சரிவில் பாய்ந்து இறங்கும். அவர்கள் அதை ‘அவான் பானாஸ்’ என்கிறார்கள், சூட்டு மேகம். கிராமங்களை அழிப்பது பெரும்பாலும் இதுதான். நிலாவரை புகை எழும் படங்களைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் அந்தப் படத்துக்கு முந்தைய வாரங்களின் எண்களில்தான் கதையே இருக்கிறது.

அந்த எண்களில் எனக்குப் பிடித்தது இ.டி.எம். வரிசை. ஒளிக்கதிரை அனுப்பி, பிரிஸத்தில் பட்டுத் திரும்பி வருவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவது. கேட்க எளிது. ஆனால் காற்றின் வெப்பநிலையில் 1 டிகிரி தப்பினால் தூரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தப்பும். எங்கள் சைட்டில் 200 மீட்டருக்குள் அளக்கிறோம், அதனால் அது பெரிதாகக் கடிக்காது. பாபாடான் மெராப்பி உச்சியிலிருந்து சுமார் 4 கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே 1 டிகிரி என்றால் 4 மி.மீ. காலை வெயில் ஏறுவதற்குள் ஒரு முறை, மதியம் மேகம் இறங்குவதற்குள் ஒரு முறை என்று அளந்தால் மலை அசையாமலேயே எண் மாறும். அதனால் வெப்பம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் திருத்திய பிறகே சுருக்கத்தைச் சொல்ல முடியும். இந்த வலி தெரிந்தவனுக்குத்தான் ‘நாளுக்கு இத்தனை சென்டிமீட்டர்’ என்ற வரியின் மதிப்பு புரியும்.

என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் பாயா தெருபோங் பக்கம் ஒரு சரிவில் அளந்துகொண்டிருந்தபோது கேட்டான்.

“அண்ணே, மூணு மில்லிதானே, நோட்ல எழுதணுமா?”

“போன வாரம் எவ்வளவு?”

“ஒண்ணு.”

“அதுக்கு முன்னாடி?”

“ஒண்ணுமில்ல.”

“அப்ப எழுது.”

2010-இல் மெராப்பியில் நடந்ததை அவனுக்குச் சொன்னது அன்றைக்குத்தான். அந்த செப்டம்பரில் தென்சரிவுப் பிரிஸம்கள் நாளுக்கு மில்லிமீட்டர் கணக்கில்தான் நகர்ந்தன. அக்டோபர் 25 நெருங்கும்போது அதே பிரிஸம்கள் நாளுக்கு சுமார் 50 செ.மீ. நகர்ந்துகொண்டிருந்தன. என் சைட்டில் ஒரு சுவர் நாளுக்கு 50 செ.மீ. நகர்ந்தால் நான் கருவியைக்கூட எடுக்காமல் ஓடியிருப்பேன். அக்டோபர் 25-ஆம் தேதி எச்சரிக்கை உச்ச நிலைக்கு ஏறியது, உச்சியைச் சுற்றி 10 கி.மீ.க்குள் இருந்த மக்களை இறக்கச் சொன்னார்கள். மறுநாள் மாலை வெடித்தது. மலையின் காவலராக மக்கள் மதித்த ம்பா மாரிஜான் இறங்க மறுத்துத் தன் ஊரிலேயே இறந்துபோனார்.

கதை அதோடு முடியவில்லை. பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான் வளர்ந்தது. உச்சிக்கு அருகில் இருந்த கருவிகள் அழிந்துவிட்டன, மேலே மேகமும் சாம்பலும். கண்ணால் பார்க்க வழியில்லை. அப்போது கைகொடுத்தது செயற்கைக்கோள் ரேடார். மேகத்தை ஊடுருவி வந்த படங்களில் பள்ளத்துக்குள் ஒரு புதிய குவிமாடம் தெரிந்தது. நவம்பர் முதல் வாரத்தில் அது வளர்ந்த வேகம் வினாடிக்கு சுமார் 25 கன மீட்டர். எங்கள் சைட்டில் மண் அள்ளும் லாரிக் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு வினாடியும் இரண்டு மூன்று லாரி மண். நவம்பர் 4-க்குள் சுமார் 50 லட்சம் கன மீட்டர் ஆகிவிட்டது.

குவிமாடம் மெதுவாக வளர்ந்தால் வாயு விரிசல்கள் வழியாகக் கசிந்துபோக நேரம் இருக்கும், குழம்பும் ஆறிக் கெட்டியாகும். வேகமாக வளர்ந்தால் வாயு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதனால் ‘எவ்வளவு பெரியது’ என்பதைவிட ‘எவ்வளவு வேகம்’ என்பதுதான் கேள்வி. அப்போது எரிமலைத் துறையின் தலைவராக இருந்த சுரோனோவும் அவர் குழுவினரும் ஆபத்து வட்டத்தை 15 கி.மீ., அப்புறம் 20 கி.மீ. என்று விரித்தார்கள். நவம்பர் 5 நள்ளிரவுக்குப் பிறகு குவிமாடம் சிதறியது, சூட்டு மேகம் தெற்கே 15 கி.மீ.க்கு மேல் பாய்ந்தது. 350-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மக்களை முன்கூட்டியே விலக்கியதால் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் உயிர்கள் தப்பியிருக்கும் என்று பின்னால் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

இவ்வளவு கருவி இல்லாத காலத்திலும் வேலை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலை 1980 மே 18-இல் வெடித்த பிறகு, அதன் பள்ளத்தில் குவிமாடம் விட்டுவிட்டு வளர்ந்தது. ஆய்வாளர்கள் உள்ளே இறங்கி, தரை விரிசல்களின் இருபக்கமும் கம்பி நட்டு, இரும்பு டேப்பால் அளந்தார்கள். இடைவெளி விரியும் வேகம் கூடக்கூட அடுத்த வளர்ச்சி எப்போது என்று கணித்தார்கள். 1981, 1982-இல் மூன்று நாள் முதல் மூன்று வாரம் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. டேப்பால்! 2004-இல் அதே மலையில் மறுபடி குவிமாடம் எழுந்தபோது ஹெலிகாப்டரில் கட்டித் தொங்கவிட்டு, கால்கள் பொருத்திய கருவிப் பெட்டிகளைக் குவிமாடத்தின் மேலேயே இறக்கினார்கள். திடப்பாறை உரசி ஏறும் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு சின்ன அதிர்வு, அரை நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஒன்று என்று மாதக்கணக்கில் பதிவானது.

ஆனால் என் ஆதர்ச சர்வேயர் ஒரு போஸ்ட்மாஸ்டர். ஜப்பானில் ஹொக்கைடோ தீவைச் சேர்ந்த மசாவோ மிமாட்சு. 1943 கடைசியில் நிலம் அதிரத் தொடங்கி, 1944-இல் விவசாய நிலம் மேலெழும்பி, 1945 செப்டம்பர் வரை ஒரு குவிமாடம் வளர்ந்தது. உலகப் போர் நேரம், விஷயம் வெளியே போகக் கூடாது என்று அரசு அடக்கி வைத்தது, நிபுணர்களுக்கும் வேறு வேலை. மிமாட்சு தபால் நிலையத்தின் பின்னால் கிடைமட்டமாகக் கயிறு கட்டி, தன் முகவாயை எப்போதும் ஒரே இடத்தில் வைத்து, மலையின் விளிம்பை அந்தக் கயிறுகளோடு ஒப்பிட்டு வரைந்துகொண்டே இருந்தார். அந்த வரைபடம் 1948-இல் ஆஸ்லோவில் நடந்த எரிமலை ஆய்வாளர்கள் மாநாட்டுக்குப் போய், அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. முகவாயை ஒரே இடத்தில் வைத்தாரே, அதுதான் அந்தாளின் பெஞ்ச்மார்க், அசையாத குறிப்புப் புள்ளி. மனிதர் பின்னால் அந்த மலை நிற்கும் நிலத்தையே காசு கொடுத்து வாங்கிவிட்டார். அந்த மலைக்கு ஷோவா-ஷின்சான் என்று பெயர்.

நமக்குப் பக்கத்து எரிமலை வட சுமத்ராவில் இருக்கும் சினாபுங். பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் படியில் நின்றால் தெரியாதுதான், ஆனால் நேர்க்கோட்டில் 300 கி.மீ.க்குச் சற்று மேல், அவ்வளவே. பல நூறு வருடம் அமைதியாக இருந்துவிட்டு 2010 ஆகஸ்டில் விழித்தது. 2013 கடைசியில் உச்சியில் குவிமாடம் முளைத்து, சரிவில் நாக்கு போல நீண்டது. அங்கே சிக்கல் என்னவென்றால் மெராப்பி போல நூறாண்டு அனுபவம் யாருக்கும் இல்லை, ஊர்க்காரர்களுக்கும் சேர்த்து. 2014 பிப்ரவரி 1-இல் குறைந்தது 16 பேரும், 2016 மே 21-இல் ஏழு பேரும் சூட்டு மேகத்தில் இறந்தார்கள், தடை செய்யப்பட்ட பகுதிக்குள். பயிர் பார்க்கவும் வீடு பார்க்கவும் திரும்பிப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். முகாமில் வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். 2018 பிப்ரவரி 19 காலை வெடிப்பில் சுமார் 16 லட்சம் கன மீட்டர் குவிமாடம் காணாமல் போனது, மலையின் உச்சியும் கொஞ்சம் குறைந்தது. யாரும் சாகவில்லை. அதுவரை மக்களை விலக்கி வைத்திருந்தார்கள்.

மழை விஷயம் ஒன்று. மெராப்பி அறிக்கையில் மழை ஏன் வருகிறது என்று தம்பி கேட்டான். மழை பெய்தால் சரிவில் கிடக்கும் சாம்பலும் கல்லும் சேறாகி ஆற்றில் இறங்கும், அது ஒன்று. சூடான குவிமாடத்தையே மழை இடித்துத் தள்ளும் என்பது இன்னொன்று. கரீபியனில் மான்செராட் தீவில் 2003 ஜூலையில் கனமழையின்போது சரிந்த குவிமாடம் 20 கோடி கன மீட்டருக்கு மேல். எங்கள் சைட்டில் மழைமானியைப் பார்க்காமல் பிரிஸம் எண்ணை மட்டும் பார்ப்பவனை நான் சீக்கிரம் மாற்றிவிடுவேன். 2018 அக்டோபரில் இங்கே பினாங்கின் புக்கிட் கூக்குஸில் மண் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் மண்ணுக்கடியில் போனதை இந்தத் தீவில் யாரும் மறக்கவில்லை.

மெடானில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள், கம்போங் மெட்ராஸ் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் சாக்கில் சினாபுங்குக்குப் பக்கத்து மலை ஊரான பெரஸ்தாகி வரை போய் வருகிறார்கள். குளிர், ஸ்ட்ராபெர்ரி, குண்டாலிங் குன்றில் நின்று செல்ஃபி. தாராளமாகப் போங்கள். கிளம்புவதற்கு முன் எரிமலைத் துறையின் ‘மக்மா இந்தோனேசியா’ தளத்தில் சினாபுங் பக்கத்தைத் திறந்து, முதலில் கீழே இறங்கி ‘ரெகோமெண்டாசி’, அதாவது பரிந்துரை, பகுதியைப் படியுங்கள். உச்சியிலிருந்து எத்தனை கி.மீ.க்குள் போகக் கூடாது, எந்தத் திசையில் கூடுதல் தூரம் என்று இருக்கும். வண்டி ஓட்டுபவர் “அது சும்மாண்ணே, எல்லாரும் போறாங்க” என்றால், வண்டியை மாற்றிக்கொள்ளுங்கள்.