அக்கா சொன்ன அந்த ஒரு வார்த்தை

போன மாதம் இங்கே வர்ஜீனியாவில், ஒரு கடையில் துடைத்துவிட்டு ஈரமாகவே விட்டிருந்த தரையில் அக்கா வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு படுத்திருந்தவரை கடையின் இன்சூரன்ஸ்காரர் போனில் பிடித்து, பேச்சைப் பதிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். அக்காவும் சரி என்று சொல்லி, நம் ஊர்ப் பழக்கத்தில் "நானும் கொஞ்சம் பார்த்து நடந்திருக்கணும்" என்றிருக்கிறார்.

அதுதான் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. வர்ஜீனியாவில் அடிபட்டவர் கவனக்குறைவும் விபத்துக்கு ஒரு காரணம் என்று ஆகிவிட்டால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பொதுவாக இழப்பீடே கிடையாது. மேரிலாந்திலும் இப்படித்தான். நியூஜெர்சி என்றால் பாதித் தவறு நம்முடையதாக இருந்தாலும் அதைக் கழித்துவிட்டு மீதி கிடைக்கும். எவ்வளவு அநியாயமான வித்தியாசம்!

அதனால் இந்த மாநிலத்தில் இதே மாதிரி கேஸ் நடத்திய வக்கீலாகத் தேடிப் பிடித்தோம். முதல் ஆலோசனைக்குப் பணம் வாங்கவில்லை. ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு. தோற்றால் கோர்ட் செலவு யார் தலையில் என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டோம். வழக்குப் போட 2 வருடம் இருக்கிறது, ஆனால் கடையின் கேமரா பதிவு அதுவரை தாங்காது. அதை அழிக்கக்கூடாது என்று வக்கீல் அன்றைக்கே கடிதம் அனுப்பினார்.

அக்கா அன்று போட்டிருந்த செருப்பைக் கழுவாமல் ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன்.