குடியாத்தத்திலிருந்து கிப்பருக்கு ஒரு துணிமூட்டை

27 அக்டோபர் 2024, ஞாயிறு

இந்த மார்கழிக்கு ஸ்பிதி என்று முடிவாகிவிட்டது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண வேலை வராது, கேமரா பையிலேயே தூங்கும். தை பிறப்பதற்குள் திரும்பிவிட்டால் பிழைப்புக்குப் பாதகமில்லை.

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் கிப்பர் என்ற கிராமம். 4,200 மீட்டருக்கு மேல். பனிக்காலத்தில் நீல ஆடுகள் புல் தேடிக் கீழ்ச்சரிவுக்கு இறங்கும், அவற்றைத் தேடிப் பனிச்சிறுத்தை இறங்கும். அதைப் படமெடுக்கத்தான் போகிறேன். இந்த வருடம் ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க 718தான். அதில் 477 லடாக்கில், இமாசலத்தில் 51.

வண்டிச் செலவு, தங்கும் செலவு, வழிகாட்டிக்குக் கூலி எல்லாம் எடுத்துவைத்தால் உடுப்புக்கு மிஞ்சுவது 7,000 ரூபாய். கடையில் நல்ல மலையேற்ற ஜாக்கெட் ஒன்றே அதைத் தாண்டுகிறது.

இன்று முழுக்கத் தாத்தா நினைவு. ஜவ்வாது மலையில் காட்டுப்பன்றிக்குக் காத்திருந்தவர். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு துப்பாக்கியைத் தொடவே இல்லை. ஆனால் வேட்டைப் பேச்சு மட்டும் கடைசிவரை நிற்கவில்லை. "நடக்கிறவனுக்குக் குளிராது. பரண் மேல குந்திக்கினு கீறான் பாரு, அவனைத்தான் குளிர் புடிக்கும்" என்பார். எனக்கும் அங்கே அதுதான் வேலை. ஒன்றரை மணி நேரம் பனியில் ஏறி, பிறகு நாலைந்து மணி நேரம் ஆடாமல் உட்கார வேண்டும்.

3 நவம்பர், ஞாயிறு

கம்மவான்பேட்டை போய் மாமாவைப் பார்த்தேன். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே பேர்பெற்ற ஊர். மாமா லடாக் பக்கம் பல குளிர்காலம் பார்த்தவர். நான் ஜாக்கெட் விலையைச் சொன்னதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாப்ளே, எந்தத் துணியும் சூடு குடுக்காது. சூடு உன் உடம்புல இருந்துதான் வரணும். துணி அதை வெளிய உடாம புடிச்சு வெக்கும், அவ்ளோதான்."

அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். மேலோடு ஒட்டிய முதல் துணி வேர்வையைத் தோலிலிருந்து இழுத்து வெளியே தள்ள வேண்டும். நடுவில் இருப்பது காற்றைப் பிடித்து வைக்க வேண்டும், ஏனென்றால் அசையாத காற்றுதான் சூட்டைக் காக்கிறது. வெளித்துணி வீசுகிற காற்றையும் பனியையும் தடுத்தால் போதும். ஒரே தடித்த கோட்டு வாங்கினால் ஏறும்போது வேர்த்து நனைவாய், உட்காரும்போது அந்த ஈரமே உன்னை உறைய வைக்கும். அதனால் தனித்தனியாகப் போட்டுக் கழற்றுகிற மாதிரி இருக்கணும்.

அவர் விரல் மடக்கிச் சொன்ன இன்னொன்று: "கிளம்பும்போது லேசா குளிரணும். குளிரலன்னா நிறைய போட்டுக்கினு கீறேன்னு அர்த்தம். குந்தினவுடனே தடிசா எடுத்து மேல போடு. குளிர் வந்தப்புறம் போட்டா பிரயோசனம் இல்லே."

கடைசியில், "பருத்தி பனியன் ஒண்ணுகூட மூட்டையில இருக்கக் கூடாது" என்றார். வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

4 நவம்பர், திங்கள்

அப்பா முப்பத்தைந்து வருடம் கைலி நெய்தவர். எங்கள் வீட்டில் சோறு போட்டது பருத்தி நூல். அதை ஆகாது என்று நான் சொன்னது அவரை இரவெல்லாம் உறுத்தியிருக்கிறது போல. காலையில் காபி குடிக்கும்போது அவரே தொடங்கினார்.

"மாமன் சொன்னது சரிதாண்டா. பருத்தி தண்ணி குடிக்கிற நூல். அதனாலதான் நம்ம ஊர் வெயிலுக்கு அது சரி. வேர்வையைக் குடிக்கும், காத்து பட்டா அது காயும், காயும்போது உடம்புச் சூட்டைத் தூக்கிக்கினு போவும். சித்திரையில நமக்கு அது சுகம். பனியில அதையே செஞ்சா?"

இதற்குமேல் யாரும் எனக்குப் புரியவைக்க வேண்டியதில்லை. பாலியஸ்டர் இழை தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு ஈரம்கூட உறிஞ்சாது. ஈரம் இழைகளுக்கு இடையில் ஓடி வெளிப்பக்கம் போய் ஆவியாகும். கம்பளி வேறு விதம்: தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, சூட்டையும் விடாது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். நனைந்த பருத்தியை உடுத்துவது தண்ணீரையே உடுத்துவது மாதிரி.

17 நவம்பர், ஞாயிறு. வள்ளிமலை

விடியற்காலை நாலே முக்காலுக்கு அடிவாரத்தில் இருந்தேன். பருத்தி பனியன், மேலே சட்டை, தோளில் எட்டுக் கிலோ பை. படியேறி முடிக்கும்போது பனியன் பிழியலாம் போல இருந்தது. உச்சியில் காற்று முகத்தில் அடிக்கிற பாறையாகப் பார்த்து உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஆனது. வேலூர் ஜில்லாவில், கார்த்திகைத் தொடக்கத்தில், பல் கிட்டியது எனக்கு.

உடனே அதைக் கழற்றிவிட்டு பாலியஸ்டர் உள்சட்டை (சின்ன தம்பியின் பந்தாட்டச் சட்டைதான்) போட்டுக்கொண்டு கீழே இறங்கி, மறுபடி ஏறினேன். அதே அளவு வேர்த்தது. அதே பாறை. பத்து நிமிடத்தில் முதுகு உலர்ந்துவிட்டது. அதற்குள் வெயில் ஏறத் தொடங்கியிருந்ததால் இது சரிக்குச் சரியான சோதனை ஆகாது. ஆனாலும் முதுகு சொன்ன வித்தியாசம் பெரிது.

இறங்கும்போது வள்ளியைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். வேடர் வீட்டுப் பெண், இந்த மலையில்தான் பரண் மேல் நின்று தினைப்புனம் காத்தாள், முருகன் வேடன் வேடத்தில் வந்தான் என்கிறோம். குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். வருடத்தின் குளிர்ந்த பருவத்தையும் நாளின் குளிர்ந்த நேரத்தையும் மலைக்கென்றே ஒதுக்கி வைத்தவர்கள், அந்தப் பரணில் அவள் எதைப் போர்த்தியிருந்தாள் என்றும் எழுதியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

24 நவம்பர், ஞாயிறு. வேலூர்

திருப்பூர் தெர்மல் உள்ளாடை, மேலும் கீழுமாக இரண்டு செட், 1,300 ரூபாய். இதில் மட்டும் பேரம் பார்க்காமல் நல்லதாக எடுத்தேன். தோலைத் தொடுவது தவறினால் மேலே எதைப் போட்டும் சரிசெய்ய முடியாது. நடைபாதைக் கடையில் ஃப்ளீஸ் ஜாக்கெட் 450.

ஸ்வெட்டர் வாங்கத்தான் நேரம் பிடித்தது. எல்லாமே 'சுத்த உல்லன்' என்றுதான் சொல்கிறார்கள். அப்பா சொல்லிக் கொடுத்த வழி: உள்மடிப்பிலிருந்து ஒரு இழை உருவித் தீக்குச்சியில் காட்டு. கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். அக்ரிலிக், பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். ஏழு ஸ்வெட்டரில் ஆறு மணியாக நின்றன. ஏழாவது ஒரு பழைய சாம்பல் நிறம், முழங்கையில் ஓட்டை, 350 ரூபாய். கடைக்கார அம்மா நான் இழை உருவுவதை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டையை அம்மா தைத்துவிடுவாள்.

உட்காரும்போது மேலே போட ஒரு பஞ்சு ஜாக்கெட், பழையது, 1,600. இரண்டு அளவு பெரிதாக எடுத்தேன். இறுக்கமாக இருந்தால் உள்ளே இருக்கும் துணிகளை அமுக்கி, அவை பிடித்து வைத்த காற்றை வெளியேற்றிவிடும். உள்ளே இறகு அல்ல, செயற்கைப் பஞ்சு. எடைக்கு எடை இறகுதான் அதிக வெதுவெதுப்பு, ஆனால் நனைந்தால் கட்டியாகிவிடும். விலையும் எனக்கு எட்டாது.

1 டிசம்பர், ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு புதுச்சேரி பக்கம் கரையேறியது. இங்கே விடாத மழை. பைக்குக்குப் போடும் மழைக்கோட்டையே வெளித்துணியாக வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன், அதைப் போட்டுக்கொண்டு மழையிலேயே முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தேன். வெளியிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை, ஆனால் உள்பக்கம் என் வேர்வையே ஆவியாகி நீராக வழிந்தது. அதனால் ஏறும்போது இது பைக்குள் இருக்கும், உட்காரும்போதும் காற்று வீசும்போதும் மட்டும் மேலே வரும். கீழுக்கு நைலான் பேன்ட் ஒன்று, 400.

8 டிசம்பர், ஞாயிறு. ஆம்பூர்

ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கும் சித்தப்பா மகனோடு பூட்ஸ் தேடல். ஒரு அளவு பெரிய தோல் பூட்ஸ், 1,750. "அண்ணே, தோலைப் பத்திக் கவலைப்படாதே, அடிய பாரு" என்றான். குளிர் பாதி தரை வழியாகத்தான் ஏறுகிறது. சோல் சாமான் விற்கும் கடையில் ஈ.வி.ஏ. என்கிற நுரை ஷீட் துண்டு 60 ரூபாய்க்கு வாங்கி, பூட்ஸுக்குள் போட இரண்டு அட்டையும், உட்கார ஒரு சதுரமும் அவனே வெட்டிக் கொடுத்தான். இந்த நுரைக்குள் இருக்கும் காற்று மூடிய குமிழ்களில் அடைபட்டிருப்பதால் மிதித்தாலும் உட்கார்ந்தாலும் வெளியேறாது. அறுபது ரூபாய்க்கு இதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியவில்லை.

15 டிசம்பர், ஞாயிறு. சத்துவாச்சாரி

இந்த வாரமெல்லாம் காத்திருந்தது இதற்குத்தான். சிநேகிதன் வேலை பார்க்கும் ஐஸ்கிரீம் குடோனில் குளிர் அறை மைனஸ் 18. கதவை ஒட்டி அவன் நிற்க, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட, நான் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. வெளியே படிக்கட்டில் வேர்க்கிறவரை ஏறி இறங்கிவிட்டு, எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு பிளோயருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

மார்பும் முதுகும் கடைசிவரை வெதுவெதுப்பாகவே இருந்தன. பன்னிரண்டாவது நிமிடத்தில் கால்விரல் மரத்தது. இருபதில் தொடை. உட்கார்ந்திருந்தது இரும்பு ஸ்டூல், ஈ.வி.ஏ. சதுரத்தைப் போட மறந்திருந்தேன். இருபத்தைந்தில் வெளியே வந்துவிட்டேன்.

அரை மணி கழித்து இரண்டாம் முறை. இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் (180 வீதம் 360) போட்டிருந்ததில் ஒன்றைக் கழற்றினேன். விரல்கள் பூட்ஸுக்குள் ஆடத் தொடங்கின. இரண்டு சாக்ஸ் சேர்ந்து காலை இறுக்கி ரத்த ஓட்டத்தையே தடுத்திருக்கிறது. ஸ்டூலில் சதுரத்தைப் போட்டேன். தொடைக்கு, தாத்தாவின் கறுப்புக் கம்பளி. குறும்பர் நெய்தது, ஆட்டு நாற்றம் இன்னும் போகவில்லை, தோலில் பட்டால் குத்தும். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சுற்றிக்கொண்டேன்.

ஐம்பது நிமிடம் உட்கார்ந்தேன். நானாக எழுந்து வரவில்லை, சிநேகிதனுக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

கிப்பரில் காற்று இதைவிடப் பலமாக இருக்கும். மைனஸ் 15இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் உடம்புக்கு அது மைனஸ் 26 மாதிரி. மழைக்கோட்டை ஒருநாளும் கீழே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

22 டிசம்பர், ஞாயிறு

தையல்கார அண்ணன் பழைய ரஜாய் துண்டில் கையுறை தைத்துக் கொடுத்தார், 150. விரல் விரலாக இல்லாமல் பை மாதிரி. நாலு விரலும் ஒன்றாக இருந்தால் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளும். வலது கையில் மட்டும் உள்ளங்கைப் பக்கம் ஒரு பிளவு வைக்கச் சொன்னேன், சுட்டுவிரல் வெளியே வந்து ஷட்டரை அழுத்த. "எதைச் சுடப் போறே தம்பி?" என்றார். படம்தான் என்றேன். உள்ளே போட மெல்லிய கம்பளிக் கையுறை 120, குரங்குக் குல்லா 130.

கூட்டினால் 6,670. மீதி 330க்கு ஒரு சின்ன பிளாஸ்க்.

28 டிசம்பர், சனி. காட்பாடி ஜங்ஷன்

அப்பா வண்டியேற்ற வந்தார். கைலி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "ரயில்ல கட்டிக்க. டெல்லிவரைக்கும் நம்ம துணி ஆவும்."

6 ஜனவரி 2025, திங்கள். கிப்பர்

சிம்லா, ரெகாங் பியோ, தாபோ வழியாக ஸ்பிதியின் பெரிய ஊரான காசா. குன்சும் கணவாய் பனியால் மூடிக்கிடக்கும் மாதங்களில் இந்தப் பாதைதான் வழி. காசாவில் இரண்டு நாள் சும்மா இருந்து உயரத்துக்குப் பழகிவிட்டு மேலே வந்தேன்.

இன்று முதல் காத்திருப்பு. கிளம்பும்போது தெர்மலும் ஃப்ளீஸும் மட்டும். வாசலில் நடுங்கினேன், மாமா சொன்ன கணக்குப்படி சரி. ஏறி முடித்ததும் மூச்சு வாங்கும்போதே ஸ்வெட்டர், பஞ்சு ஜாக்கெட், மழைக்கோட்டு, கம்பளி. கேமரா பேட்டரி இரண்டையும் தெர்மலுக்குள் வயிற்றோடு கட்டியிருந்தேன், குளிரில் அவை சட்டென்று இறங்கிவிடும்.

நாலே கால் மணி நேரம். எதிர்ச்சரிவில் பதினேழு நீல ஆடுகள். ஒன்பது மணி வாக்கில் அத்தனையும் தலையை ஒரே பக்கம் திருப்பி அசையாமல் நின்றன. வழிகாட்டி என் தோளைத் தொட்டார். நான் விரலைப் பிளவு வழியாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டு பாறை பாறையாகத் தேடினேன். எதுவும் வரவில்லை. கால் மணி கழித்து ஆடுகள் மறுபடி மேயத் தொடங்கின. நாங்கள் இறங்கும்போது மேட்டுக்கு அந்தப் பக்கம் புதுக் காலடித்தடம் இருந்தது.

குறை ஒன்றுதான். மூச்சு பட்டு ஜாக்கெட் ஜிப் உறைந்துபோய்க் கழுத்துக்கு மேல் ஏற மறுத்தது. நாளை குல்லாவை மோவாய்வரை இழுத்துவிட்டு ஜிப்பை முன்கூட்டியே ஏற்றிவிட வேண்டும்.

தங்கியிருக்கும் வீட்டுப் பாட்டி கம்பளியை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார், மோந்தார். இது என்ன ஆடு என்று வழிகாட்டி மூலம் கேட்டார். எங்கள் பக்கத்துச் செம்மறி, மயிர் குட்டை, முரடு என்றேன். தன் சால்வையை நீட்டி என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இப்போது இரண்டும் அடுப்புக்கு மேலே கொடியில் பக்கத்தில் பக்கத்தில் காய்கின்றன. நாலரைக்கு எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.