ஃபிளின்ட் தண்ணீர்

2014 ஏப்ரலில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபிளின்ட் நகரத்தில் செலவைக் குறைக்க ஆற்றுத் தண்ணீர் விட்டார்கள். அப்போது நகர நிர்வாகம் மாநில அரசு நியமித்த அதிகாரி கையில். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்கவேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை; குழாய் அரித்து, நஞ்சான காரீயம் (lead) தண்ணீரோடு வீடுகளுக்குள் வந்துவிட்டது.

எஞ்சின் பாகம் துருப்பிடிக்கிறது என்று கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த அக்டோபரிலேயே வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. பிள்ளைகளுக்கு மட்டும் இன்னும் ஒரு வருடம் அதே தண்ணீர். பாதிக்கு மேல் கறுப்பின மக்கள் வாழும் ஊர். நினைத்தாலே வயிறு எரிகிறது.

2017இல் மாநிலத்தின் குடிசார் உரிமைகள் ஆணையமே, அமைப்பில் ஊறிய இனப் பாகுபாடும் இதற்குக் காரணம் என்று அறிக்கை கொடுத்தது. 2019இல் சுற்றுச்சூழல் நீதிக்குத் தனி அலுவலகமும் வந்தது. சரி, நல்லது. புகார் வந்த அன்றே தண்ணீரை நிறுத்தும் அதிகாரத்தையும் அதற்குக் கொடுங்கள்.