உன்னை மாதிரியே

அந்தப் புத்தகம் என் கைக்கு வரப் பல மாதங்கள் ஆயின. காது கேட்க உதவும் கருவி மாட்டிய ஒரு சிறுவன்தான் அதில் நாயகன். என் வகுப்பிலும் அப்படி ஒரு பையன் இருந்தான். எட்டு வயது. நன்றாக வரைவான், அதிகம் பேசமாட்டான். புத்தகம் வந்த அன்றே எல்லாரையும் வாசிப்பு மூலையில் உட்கார வைத்தேன். முதல் படத்தை விரித்துக் காட்டி, அவனைப் பார்த்து உற்சாகமாகச் சொன்னேன்: "பாரு, உன்னை மாதிரியே!"

வகுப்பே அவன் பக்கம் திரும்பியது. அவன் சட்டைக் காலரை மேலே இழுத்துக் காதை மூடிக்கொண்டான். கதை முடியும் வரை தரையைப் பார்த்தபடியே இருந்தான். அடுத்த இரண்டு வாரமும் வாசிப்பு மூலைப் பக்கமே வரவில்லை.

தொடக்க வகுப்புகளில் இத்தனை வருடம் பாடம் நடத்தியதில் எத்தனையோ தவறுகள் செய்திருக்கிறேன். இதுதான் இன்னும் உறுத்துகிறது. அவனுக்கு நல்லது செய்கிறோம் என்று முழுமனதோடு நம்பிச் செய்த காரியம் இது.

அந்தப் புத்தகத்தை நான் தேடிப் போனதே ஒரு கணக்குப் பாடத்தால்தான். பட்டை வரைபடம் சொல்லித்தர வேண்டியிருந்தது. எதையாவது எண்ண வேண்டுமே என்று, எங்கள் வகுப்பு அலமாரியிலிருந்த கதைப் புத்தகங்களின் நாயகர்கள் யார் யார் என்று பிள்ளைகளையே எண்ணச் சொன்னேன். கரும்பலகையில் வரைந்து முடித்தபோது மிருகங்களின் பட்டை எல்லாவற்றையும் தாண்டி உயர்ந்து நின்றது. முயல், கரடி, யானை, எலி. மனிதப் பிள்ளைகளிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி குடும்பம். ஒரு சிறுமி கேட்டாள்: "முயலுக்கே இவ்வளவு கதை இருக்கு, எங்க வீட்டுல பேசுற பாஷைல ஒண்ணுகூட இல்லையே டீச்சர்?" அலமாரியை வருடக்கணக்காக நிரப்பியவள் நான். என்னிடம் பதில் இல்லை.

பிற்பாடு இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது, எங்கள் கரும்பலகை சொன்னது புதிய சேதி அல்ல என்று தெரிந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் குழந்தை நூல்களுக்கென ஒரு மையம் இருக்கிறது. யார் எழுதிய, யாரைப் பற்றிய புத்தகங்கள் வருகின்றன என்று 1985 முதல் எண்ணி வருகிறார்கள். 2018ஆம் ஆண்டுப் புத்தகங்களில் அவர்கள் கண்ட கணக்கு இது: பாதி வெள்ளையினப் பாத்திரங்கள், விலங்குகளும் பொம்மை, வண்டி போன்றவையும் 27 சதவீதம், கறுப்பினக் குழந்தைகள் 10, ஆசிய வழியினர் 7, லத்தீன் அமெரிக்க வழியினர் 5, பூர்வகுடியினர் 1. கடைசி நான்கையும் கூட்டினால் 23. விலங்குகளின் 27ஐ எட்டவில்லை.

அதற்கும் முன்பே, 1965இல், நான்சி லாரிக் என்ற கல்வியாளர் மூன்று வருடங்களில் அங்கே வெளியான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தை நூல்களை ஆராய்ந்து எழுதினார். கறுப்பினத்தவர் ஒருவராவது தலைகாட்டிய நூல்கள் 6.7 சதவீதம்தான். அவருடைய கட்டுரை ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. படப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி கேட்ட கேள்வி: இதுல எப்பவும் ஏன் வெள்ளைக்காரப் பிள்ளைங்களே இருக்காங்க? அதைப் படித்தபோது என் வகுப்புச் சிறுமியின் குரல்தான் காதில் விழுந்தது.

இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துச் சொல்லும் உவமை ஒன்று உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் ரூடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதியது. குழந்தைக்குப் புத்தகம் சில நேரம் முகம் பார்க்கும் கண்ணாடி, சில நேரம் பிறர் வாழ்க்கையைக் காட்டும் ஜன்னல், சில நேரம் திறந்துகொண்டு உள்ளே நுழையக்கூடிய கண்ணாடிக் கதவு. இதை நான் முன்பே படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் அந்தப் பையனுக்குக் கண்ணாடி வாங்கி வந்தேன். முகம் பார்ப்பது தனியாகச் செய்கிற காரியம் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. நம் முகத்துக்கு நேரே யாரோ கண்ணாடியைப் பிடித்து, ஊரையே கூட்டிவைத்து "பாரு" என்றால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டோமா?

சரி, என்னென்ன மாற்றினேன் என்று சொல்கிறேன். முதலில், தனிக் கூடையை எடுத்தேன். புதிதாக வந்த புத்தகங்களை எல்லாம் ஒரே கூடையில் போட்டு, "பலவிதமான மனிதர்கள்" என்று அட்டை எழுதி ஒட்டியிருந்தேன். அந்த அட்டையைக் கிழித்துப்போட்டேன். சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுமி துப்பறியும் கதை துப்பறியும் கதைகளோடு போனது. இரண்டு வீடுகளில் மாறி மாறி வளரும் பையனின் கதையில் நாய் செய்யும் அட்டகாசம்தான் அதிகம், அதனால் அது சிரிப்புக் கதைகளோடு சேர்ந்தது. யாருக்கு எது என்று நான் கைகாட்டுவதை நிறுத்தினேன். எல்லாப் புத்தகத்தையும் எல்லாருக்குமாகச் சத்தமாக வாசித்தேன். படத்தைக் காட்டும்போது எந்தப் பிள்ளையின் முகத்திலும் என் கண் நிற்காமல் பார்த்துக்கொண்டேன். இதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது. இன்றைக்கும் முயன்றுதான் செய்கிறேன்.

அப்புறம், பெயர்கள். வேறு மொழிப் பெயர் கதையில் வரும்போது நான் தடுமாறினால் வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு அப்படிப்பட்ட பெயருள்ள பிள்ளைமேல் போய் விழும். அதனால் வாசிப்பதற்கு முந்தின நாளே, தெரிந்தவர்களைக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிடுவேன்.

இன்னொன்றைக் கவனிக்க எனக்கு வெகுநாள் பிடித்தது. நான் தேடிச் சேர்த்த புத்தகங்களில் பாதிக்கு மேல் சோகக் கதைகள். அகதிச் சிறுமி அழுகிறாள். ஏழைப் பையனிடம் செருப்பு இல்லை. உடல் குறையுள்ள குழந்தையை எல்லாரும் கேலி செய்து, கடைசிப் பக்கத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றும் நல்ல புத்தகம்தான். அடுக்கி வைத்துப் பார்த்தால், இந்தப் பிள்ளைகளுக்குத் துன்பப்படுவதைத் தவிர வேறு வேலையே இல்லை என்று தோன்றும். நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி 2009இல் ஆற்றிய உரையில் இந்த ஆபத்தைத்தான் சொன்னார்: ஒரு மக்களைப் பற்றி ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால், கடைசியில் அவர்கள் அந்தக் கதையாகவே ஆகிவிடுகிறார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி. ஒரு துயரக் கதை வாங்கினால், அதே மாதிரிக் குழந்தை அண்ணனோடு சண்டை போடும், பல் விழுந்து திண்டாடும், பூனையைத் தொலைத்துத் தேடும் கதை ஒன்றையும் தேடி வாங்குவேன். இரண்டாவது வகை கிடைப்பதுதான் அரிது.

மொழிக்கு ஒரு வழி கிடைத்தது. பிரதம் புக்ஸ் என்ற இந்தியக் குழந்தை நூல் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஏராளமான மொழிகளில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவிறக்கலாம், அச்சிடலாம், நாமே மொழிபெயர்க்கவும் உரிமம் உண்டு. முயலைப் பற்றிக் கேட்ட சிறுமியின் அம்மாவை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, அவர்கள் வீட்டு மொழியில் ஒரு கதையை வாசிக்கச் சொன்னோம். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. சலசலப்பு வரும் என்று நினைத்தேன். அவர்களோ படங்களை அப்படி உற்றுப் பார்த்தார்கள். ஓரிடத்தில் அம்மாவும் மகளும் ஒன்றாகச் சிரித்தார்கள். அதே கதையை நாங்கள் எங்கள் மொழியில் முன்பே படித்திருந்தோம். அந்த இடத்தில் யாரும் சிரித்ததில்லை. "அங்க என்ன இருக்கு? எங்களுக்கும் சொல்லு" என்று வகுப்பே அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தமாம். அதை விளக்கி முடிக்க அவளுக்கு மீதி நேரம் முழுவதும் தேவைப்பட்டது.

எல்லாரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பெற்றோர் பிரிந்து வாழும் கதையை வாசித்ததற்காக ஓர் அப்பா வந்து கோபப்பட்டார். "என் பையன் ராத்திரி தூங்காம, நீங்களும் அம்மாவும் பிரிஞ்சிடுவீங்களான்னு கேட்கிறான். இது உங்களுக்குத் தேவையா டீச்சர்?" புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார், மனம் மாறவில்லை. அவருடைய கவலை எனக்குப் புரிந்தது. அந்த வகுப்பிலேயே இரண்டு பிள்ளைகளுக்கு அதுதான் அன்றாட வாழ்க்கை என்பதும் எனக்குத் தெரியும். புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. இப்போது வாரத் தொடக்கத்திலேயே, என்ன வாசிக்கப்போகிறோம் என்று வீடுகளுக்கு ஒரு வரி எழுதி அனுப்புகிறேன்.

அந்தப் பையனின் புத்தகம் நட்புக் கதைகளின் கூடையில் கிடந்தது. நான் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வேறு இரண்டு பிள்ளைகள் எடுத்துப் படித்தார்கள். ஒரு மழை நாளில், எல்லாரும் உள்ளேயே இருந்த இடைவேளையில், அவன் அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன். சட்டென்று பார்வையைத் திருப்பி நோட்டுப் புத்தகங்களைத் திருத்தத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் என் மேசைக்கு வந்தான்.

"டீச்சர், இதுல தப்பா வரைஞ்சிருக்காங்க."

காட்டினான். படத்தில் நாயகனின் காதுக்குப் பின்னால் கருவி மட்டும் இருந்தது. அதிலிருந்து காதுக்குள் போகும் மெல்லிய குழாயும் இல்லை, உள்ளே பொருந்தும் அச்சும் இல்லை. "குழாய் இல்லாம எப்படிக் கேட்கும்? அப்புறம் அம்மா கட்டிப்பிடிக்கிற பக்கத்துல, இது கீச்சுனு கத்தும். அதையும் எழுதல." அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எப்படிக் கத்தும் என்று ஒருத்தி கேட்டாள். அவன் உள்ளங்கையைக் குவித்துக் காதருகே கொண்டுபோனான். கருவி கீச்சிட்டது. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அன்று மாலை ஒரு சின்னக் காகிதத்தில் குழாயும் அச்சுமாகச் சரியான படம் வரைந்து, என்னிடம் கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தில் ஒட்டினான். பக்கத்திலேயே "இப்படித்தான் இருக்கும்" என்று எழுதினான். அவன் மேல்வகுப்புக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. காகிதத்தின் ஓரம் பிரியும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை பசையோடு வந்து நிற்கும்.